அம்பு அக்கா திருப்ப விடாத பெட்டி

பார்சல் கிடங்கில் அவளுக்கு அம்பு அக்கா என்று பெயர். பெட்டிகளில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் இருக்கும் அல்லவா, அதற்காகப் பன்னிரண்டு வருடமாக லோடுமேன்களோடு மல்லுக்கட்டியவள். பெட்டி தலைகீழாக இறங்கிவிட்டால் அந்தச் சோம்பேறிகள் பெட்டியைத் திருப்ப மாட்டார்கள். ஸ்டிக்கரை உரித்து, அம்பு மேலே பார்க்கிற மாதிரி திருப்பி ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். அவளோ ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒரு தடவு தடவியே திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். "திருப்ப வேண்டியது பெட்டிய, ஸ்டிக்கரை இல்ல!" என்று அவள் போடும் சத்தம் வாசல் வரை கேட்கும்.

அப்பேர்ப்பட்டவளின் வயிற்றில் தலைச்சன் பிள்ளை திரும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. முப்பத்தாறாவது வாரம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "தலை மேல இருக்கு, பின்பக்கம் கீழ இருக்கு. கால் ரெண்டையும் காதுகிட்ட நீட்டிக்கிட்டு ஜாலியா இருக்கு," என்றார். "அடுத்த வாரம் இங்க வச்சு, வெளியில இருந்து கையால திருப்பிப் பாப்போம். திரும்பலன்னா ஆபரேஷன்."

வீட்டில் மாமியார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "நாள் பூரா பெட்டியப் புரட்டினா, வயித்துல இருக்கிறதும் புரளாம என்ன பண்ணும்?"

"அது புரளலைங்கிறதுதான் அத்தை இப்போ பிரச்சினையே."

புருஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவன் எப்போதுமே மதில்மேல் பூனை.

மாமியார் விடுகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாக ஒரு அம்மாளைக் கூட்டிவந்து கூடத்தில் பாயை விரித்துவிட்டாள். "பத்து நிமிஷம் படு. தடவியே திருப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில கத்திய வைக்கத்தான் பாப்பாங்க."

அவள் பாயை மிதிக்கவில்லை. வந்த அம்மாளிடம் மரியாதையாகவே கேட்டாள். "நீங்க திருப்பும்போது பிள்ளைக்கு நெஞ்சுத் துடிப்பு குறைஞ்சா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கை சொல்லும்மா."

"உங்க கைக்குப் பரீட்சை வைக்க என் பிள்ளைதான் கிடைச்சுதா?"

எண்ணெய்ப் பாட்டில் வந்த வழியே போனது. மாமியார் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவளா இவள்? ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயம்தான். நான் வீம்பு பிடித்து இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்.

குறித்த நாளில் ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி மானிட்டர் பட்டை கட்டி, பிள்ளையின் துடிப்பைச் சத்தமாக வைத்தார்கள். மாமியாரும் பிடிவாதமாக உள்ளே வந்து கால்மாட்டில் நின்றாள். டாக்டரம்மா இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினார். உயிர் போகிற வலி. பிள்ளை கால்வாசி நகர்ந்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடவை பாதி வரை போனது. படபடவென்று கேட்ட துடிப்பு திடீரென்று மெதுவானது. டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு பழையபடி ஓடத் தொடங்கியது.

"பாதி திரும்பிடுச்சே டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவை..." என்றாள் மாமியார்.

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் இவள் தலையைத் தூக்கினாள். "யாரும் தொடக் கூடாது! உள்ள இருக்கிறது உடையக் கூடாதுன்னுதான் அத்தை பெட்டியத் திருப்பச் சொல்றது. திருப்பினா உடையும்னா, ஸ்டிக்கரை உரிச்சு நானே மாத்தி ஒட்டுவேன். அது இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்க ஆபரேஷனுக்கு நாள் குறிங்க டாக்டர்."

பன்னிரண்டு வருடக் கொள்கையை அவள் கைவிட்டதைக் கேட்க அங்கே ஒரு லோடுமேன்கூட இல்லை.

முப்பத்தொன்பதாவது வாரம் பெண் பிறந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் "ஐயோ, நார்மல் இல்லையா?" என்று இழுத்தார்கள். "பிள்ளை நார்மலா இருக்கு. உங்களுக்கு வேற என்ன வேணும்?" என்று அவள் கேட்டதில் பாதிப் பேர் அதோடு சரி.

பிள்ளைக்குக் கால் இரண்டும் இன்னும் காதை நோக்கித்தான் நீட்டிக்கொண்டிருந்தன. நாளாக நாளாகத் தானே இறங்கும், இழுத்துக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார் டாக்டரம்மா. மாமியாருக்குக் கை சும்மா இருக்குமா? கால்களை மெல்லக் கீழே இறக்கி, சேர்த்துக் கட்டத் துணியை எடுத்தாள். கையை எடுத்ததும் இரண்டு காலும் விசுக்கென்று மேலே போயின. மறுபடி இறக்கினாள். மறுபடியும் போயின.

கட்டிலில் இருந்தவள் தையலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் மாமியார், துணியை மடித்துத் தோளில் போட்டபடி. "அதான் இவளே சொல்லிட்டாளே."