வால்யூம் இருநூறு

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதையெல்லாம் நம்ப எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பகலெல்லாம் ஸ்கூலில் ஏழாம் வகுப்பிடம் கத்திவிட்டுக் கடலூர் ஓ.டி.யில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், அங்கே என்னைப் பெற்ற அத்தாவிடம் கத்த வேண்டும். அத்தா சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்ரஸர் ரூமிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், காது சுத்தமாகப் போய்விட்டது. "சாப்புட வாங்க" என்று நான் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டை எடுத்து வைப்பார்கள், அவர் மட்டும் திரும்பமாட்டார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், "உள்ள கொசு கத்துதும்மா" என்று கழற்றி வைத்துவிட்டார். இப்படிப்பட்ட வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அத்தா பாதியாக இளைத்துவிட்டார். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"எல்லாம் நெனப்புல இருக்கு. அவ சத்தம் மட்டும் மறந்து போச்சும்மா. ஒரு தரம் கேட்டாப் போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷன் வேறு எதையும் என்னிடம் கேட்டதே இல்லை.

அம்மாவின் குரலென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு அவள் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். மற்றதெல்லாம் அண்ணன் போன் மாற்றியதில் போய்விட்டது. அம்மாவுக்குக் கடைசிவரை வாய்ஸ் மெசேஜுக்கும் போன் பேசுவதற்கும் வித்தியாசம் புரியவில்லை. ஸலாம் சொல்லுவாள், பதில் ஸலாம் வரட்டும் என்று காத்திருப்பாள், ஒரு வார்த்தை பேசுவாள், திரும்பவும் காத்திருப்பாள். "அந்தப் பக்கம் யாரும் இல்லம்மா, நீ பாட்டுக்குப் பேசு" என்றால், "ஸலாம் சொல்லிட்டு பதில் வாங்காமப் பேசுறது என்னடி பழக்கம்?" என்பாள். அந்த இடைவெளிகளைக் கேட்டு நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

போனில் வைத்தேன், அத்தாவுக்குக் கேட்கவில்லை. என் லேப்டாப்பில் ஏற்றி முழு வால்யூமில் வைத்தேன், கீபோர்டிலேயே காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா பேச்சே மெதுவாகத்தான் இருக்கும், அதில் ரெக்கார்டிங் வேறு சன்னம். ஹெட்போன் மாட்டினால் தலை வலிக்கிறது என்று பிடுங்கிப் போட்டார். சரி என்று ஒரு சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனேன், பஸ்ஸில் கடைசிவரை உட்கார இடமில்லை. அங்கே என் அத்தை மகன் யூசுப் மச்சான் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு வீடியோ ப்ளேயரை ஏற்றிக் கொடுத்தார்.

"இதுல வால்யூம் நூறோட நிக்காது, இருநூறு வரைக்கும் போவும். ஆனா ஜாஸ்தி நேரம் வைக்காத, ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்."

"ஒரு தரம் கேட்டாப் போதும் மச்சான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தாவை ஹாலில் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு இருநூறில் வைத்தேன். நல்ல வெயில், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் அம்மா. ஸ்பீக்கர் கரகரத்தது.

அத்தாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வஅலைக்கும் ஸலாம்" என்றார். யாராக இருந்தாலும் சொல்லுவார்கள்தானே, நானும் அப்படித்தான் நினைத்தேன். அதோடு விடாமல், "மூச்சு வாங்குறது எப்படி இருக்கு?" என்றார்.

"இப்ப பரவாயில்ல. நல்லா இருக்கேன்."

"தனியாவா இருக்கே?"

"எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க."

அம்மா காத்திருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அத்தாவின் கேள்வி கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. முன்பே கேட்டிருப்பார் என்பீர்கள். அம்மா இதைப் பேசி அனுப்பியபோதே அவருக்குக் காது போய்விட்டது, போன வாரம்கூடக் கேட்காமல் தலையாட்டியவர்தான்.

"என்ன எடுத்துக்கிட்டு வரட்டும்?" என்றார் அத்தா.

"ஒண்ணும் எடுத்துக்கிட்டு வர வேணாம். சீக்கிரம் வந்தாப் போதும்."

அண்ணன் லீவில் வருவதைப் பற்றி அம்மா சொன்னது அது, அல்லாஹ் மேல் ஆணையாக அதுதான். அத்தாவோ சின்னப் பிள்ளைபோலச் சிரித்து, "வரேன், வரேன்" என்றார். நிறுத்த வேண்டும் என்று கை போகிறது, விரல் அழுத்தமாட்டேன் என்கிறது. அதற்குள் அவர் குனிந்து, லேப்டாப்பிடம் வாயை வைத்து ரகசியமாக என்னவோ கேட்டார். காது போனதிலிருந்து அத்தா மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை, தெருமுனை வரை கேட்கிற குரல் அவருக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்ல வேணாம். பயந்துடுவா" என்றாள் அம்மா. மெசேஜ் அவ்வளவுதான். பட்டென்று ஒரு சத்தம், ஸ்பீக்கர் போய்விட்டது.

தன் மூச்சிரைப்பை என்னிடம் சொல்ல வேண்டாமென்று அம்மா அண்ணனிடம் சொன்னது என்றுதான் அந்தக் கடைசி வரியை இதுவரை நினைத்திருந்தேன். யூசுப் மச்சானிடம் சொன்னேன், "தற்செயலா நடந்திருக்கும், நீ ரொம்ப அலுத்துப் போயிருக்கே" என்றார். அலுப்பு உண்மைதான். ஸ்பீக்கரை மாற்றித் தருகிறேன் என்கிறார், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

அத்தா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நல்ல சட்டைகளையெல்லாம் மடித்துப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டு வந்தார். அன்று ஸ்கூலில் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவருக்கு முதுகைக் காட்டியபடி, எனக்கே கேட்காத குரலில் முனகினேன்.

"அம்மாகிட்ட கடைசியா என்னதான் கேட்டீங்க?"

ஹாலிலிருந்து அத்தா பதில் சொன்னார்.

"அதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாளேம்மா."

அந்த ஒரு தடவைதான். இன்று காலையில்கூட அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போய்விட்டது.