அண்ணனின் குளிசை மெஷின்

என் அண்ணன் அதை மெஷின் என்றுதான் சொல்வான். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடிகள். வெட்டும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் பொருந்தும் ஒரு குமிழ். மருந்துக் குளிசையைக் கிண்ணத்தில் போட்டுப் பிடிகளை அமுக்கித் திருகினால் தூளாகிவிடும். கொழும்பு மருந்துக் கடை ஒன்றின் விலைப்பட்டியலில் படம் பார்த்து, தபாலில் வரவழைத்திருந்தான். நிக்கல் பூச்சு, நீல வெல்வெட்டு வைத்த பெட்டி. அதற்குள் அது படுத்திருந்த கம்பீரத்தைப் பார்த்தால் மேற்றிராணியாரின், அதுதான் பிஷப்பின், மோதிரம் என்று நினைப்பீர்கள்.

எங்கள் குசினியில் இருந்த சின்னக் கல்லுரல் அதே வேலையைச் செய்திருக்கும். இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாலும் போதும். ஆனால் கல்லுரலை வருபவர்களுக்கு எடுத்துக் காட்ட முடியாது அல்லவா?

அப்பா வத்தேகமப் பக்கம் ஒரு தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்தவர். வேலையை விட்டு, கண்டியில் மாதா கோவிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடிவந்த மறு வருஷமே பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. முப்பதுகளின் தொடக்கம் அது. அம்மா முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் அப்பா, அண்ணன், நான், மூன்று பேர்தான். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்தான். அதாவது காலையில் போய்ப் பின்னேரம் வந்தான்.

அப்பாவுக்குத் தொண்டையும் பாதி செத்துப்போயிருந்தது. கஞ்சியைக் குழைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். போதாததற்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வேறு. டொக்டர் கொயினாக் குளிசை கொடுத்தார். ஒரு குளிசை தொண்டையில் நின்று அப்பாவின் உதடு நீலமாகிப்போன அன்றுதான் அண்ணனுக்கு அந்த விலைப்பட்டியல் ஞாபகம் வந்தது. நியாயமாகச் சொன்னால், மெஷின் வந்த பிறகு குளிசை இறங்கியது. தூளை நான் தேனில் குழைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, அரை மணி நேரம் ஊட்டினேன். புகழ் மெஷினுக்குப் போனது.

நோய் விசாரிக்க வருகிறவர்கள் தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வருவார்கள். அவர்கள் கதிரையில் உட்காருவதற்குள் அண்ணன் பெட்டியைத் திறந்துவிடுவான்.

"இங்க பாருங்க. ஒரே அமுக்கு, ஒரே திருகு. சீமைச் சாமான்."

அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டையே அதில் போட்டுத் தூளாக்கிக் காட்டுவான். ஆளாளுக்கு ஒரு தடவை திருகிப் பார்ப்பார்கள். அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதைக் கழுவ மட்டும் விடமாட்டான். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் துண்டுக் காகிதத்தில் தண்ணீர் படக்கூடாது என்று இருந்ததாம். கூடவே வந்த ஒரு சின்னத் தூரிகையால் இரண்டு தட்டுத் தட்டி வெல்வெட்டில் படுக்கவைப்பான். ஒரு நாள் நான் கழுவ எடுத்தபோது கையில் இருந்து பிடுங்கினான்.

"துருப் புடிச்சிரும். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

எனக்கு விளங்காதுதான். கழுவாத பாத்திரம் அழுக்குப் பாத்திரம் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கும்.

அப்பாவுக்கு இந்தக் கூத்து எதுவும் பொருட்டாக இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நன்மை வாங்க வேண்டும், பூசையில் மந்திரித்த அப்பத்தை ஒரு தடவையாவது நாக்கில் ஏற்க வேண்டும். படுத்ததில் இருந்து வாங்கவில்லை. கோணிய வாயால் அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் எல்லோருக்கும் புரியும்படி சொல்வார். நான் மாதா கோவில் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் வெள்ளைக்காரர், பிரசங்கத் தமிழில்தான் பேசுவார்.

"உமது தகப்பனார் அதனைத் துப்பிவிட்டால் பெரும் அவசங்கையும் அவமரியாதையும் உண்டாகும், மகளே. இது மந்திரிக்காத அப்பம். வீட்டிலே கொடுத்துப் பாருங்கள். இருமாமல் விழுங்குவாராகில், மாதத்தின் முதல் வெள்ளியன்று நான் நன்மை கொண்டு வருவேன்."

ஒரு காகிதத்தில் ஆறு அப்பங்கள் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் சனிக்கிழமை. எனக்குப் பாடசாலையில் கூட்டம், அண்ணனுக்கு அரைநாள். நான் வந்த பிறகு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தால் அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடக்கிறார், தாடையெல்லாம் ஈரம், சட்டை முன்பக்கம் வெள்ளைத் திப்பி. அண்ணன் கோவிலுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"உள்ள போகல. மூணு தரம் குடுத்தேன், மூணு தரமும் துப்பிட்டாரு. சாமிகிட்ட சொல்லிட்டேன். பொறுத்துப் பாப்போம்னாரு."

சின்ன வயதில் ஞானோபதேசம் படித்தவர்களுக்குத் தெரியும், அப்பத்தில் பல் படக்கூடாது. அப்பாவின் தாடை அவர் சொல்லுக்குக் கேட்காது. பல் பட்டுவிட்டால்? ஆகவே என் அண்ணனின் மூளை வேலை செய்திருக்கிறது. அப்பத்தை மெஷினில் போட்டுத் தூளாக்கி, தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறான். பக்திக்குப் பக்தியும் ஆயிற்று, மெஷினுக்குப் பெருமையும் ஆயிற்று. அது மட்டும் இறங்கியிருந்தால் முதல் வெள்ளியன்று அந்த நீலப் பெட்டியைச் சுவாமியாரின் கையிலேயே கொடுத்திருப்பான். இதை அவனே பின்னால் வாய் கூசாமல் சொன்னான்.

முதல் வெள்ளி வந்தது. சுவாமியார் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நன்மை கொண்டுபோனார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார். நான் முழங்காலில் நின்றேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குக் கஞ்சியும் வேண்டாம் என்றுவிட்டார். என்னப்பா, என்னப்பா என்று நான் கெஞ்சிய பிறகு, இடது கையால் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

"கசந்துச்சும்மா. அப்பம் கசந்துச்சு."

எங்களுக்கு நன்மைக்கு ஆயத்தம் செய்த உபதேசியார் சொல்லித்தந்த கதை ஒன்று உண்டு. மன்னிப்பு வாங்காத சாவான பாவத்தோடு நன்மை வாங்குகிறவனின் வாயில் அது எட்டியாகக் கசக்குமாம். அப்பாவும் அதே கதையைக் கேட்டு வளர்ந்தவர்தான். மந்திரிக்காத அப்பமே கசக்கிறது என்றால் தன் கணக்கு எவ்வளவு மோசம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "அந்தப் புள்ளத்தாச்சி" என்றார் அடுத்ததாக. எனக்குத் தெரியும். தோட்டத்தில், ஒரு மாரிக் காலத்தில், நிறைமாதப் பெண் ஒருத்தியைக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தை விட்டு இறக்கச் சொல்லித் துரை எழுதிய கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியவர் அப்பா. அதற்காக எத்தனையோ தரம் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மன்னிப்பும் வாங்கியிருந்தார். இப்போது அந்த மன்னிப்பு செல்லாது என்று நினைத்து அழுதார். பாதி முகம்தான் அழுதது.

நான் அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கே சொன்னாரு, கசக்குதுன்னு. நாம என்னத்தக் கண்டோம்? மனுசனுக்கு உள்ள என்னென்ன இருக்கோ."

பெற்ற தகப்பனுக்குச் சாவான பாவம் இருக்கும் என்று நம்புவான். மெஷினில் ஊத்தை இருக்கும் என்று நம்பமாட்டான். அப்படியொரு பிறவி.

நானும் பெரிய கெட்டிக்காரி இல்லை. எனக்கு உறைத்தது மறுநாள் காலையில்தான். மிச்சம் இருந்த மூன்று அப்பங்களில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை, காகிதம் மாதிரி. அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து, இன்னொரு அப்பத்தை அந்த மெஷினில் போட்டுத் திருகி, தூளை நாக்கில் வைத்தேன். காறித் துப்பினேன். மாதக் கணக்கில் கழுவாத கொயினா. குளிசையைத் தேனில் குழைத்துக் கொடுத்ததால் அப்பாவுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை; பச்சைத் தண்ணீரில் வந்தபோது நாக்கைப் பிடுங்கியிருக்கிறது.

கடைசி அப்பத்தில் ஒரு துணுக்கை அப்பாவின் நாக்கில் வைத்தேன். கசப்புக்குக் காத்திருந்தார், முகம் மாறவில்லை. பிறகு மெஷினில் இருந்த தூளைத் தொட்டு வைத்தேன். முகம் சுருங்கியது. மெஷினைக் காட்டி, "கொயினாப்பா, இது கொயினா" என்றேன். அவருடைய நல்ல பக்கத்துக் கண் பெரிதாகத் திறந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் தோளில் துவாயோடு வந்தான்.

"நீயே ருசிச்சுப் பாரு அண்ணே" என்று கிண்ணத்தை நீட்டினேன்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்படியே விழுங்கினான்.

"கசக்கல" என்றான்.

அப்பா என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க என் சொல்லைவிட மகன் சொல்லை எடுத்தவர். என் கையைப் பிடித்திருந்த அவர் கை மெல்லத் தளர்ந்தது. ஒரு அறை விட்டிருக்க வேண்டும் அவனுக்கு. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்.

சுவாமியார் முழுவதையும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நன்மை கொண்டு வந்தார். வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். கசந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் உதடு பிரிந்தது. சுவாமியார் விரலால் அரிசியளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரில் இட்டு ஊட்டினார். அவ்வளவுதான் வேலை. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. இருமவில்லை.

அப்பா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"கசக்கலம்மா" என்றார்.

வாசற்படியில் நின்ற அண்ணன் சுவாமியாரைப் பார்த்துச் சொன்னான்:

"நான் நேத்தே சொன்னேன் சாமி, கசக்கலன்னு. இவதான் கேக்கல."

அப்பாவுக்குள் நன்மை அப்போது கரைந்திருக்குமோ என்னவோ. அந்த நிமிஷத்தில் நான் என் அண்ணனை வெறுத்த வெறுப்பை அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.