உள்ளே நின்று ஊசி வாங்கிய கதை

கூரை வேயும் தொழிலில் மேலே உட்கார்ந்திருப்பவரைத்தான் ஊர் பார்க்கும். உள்ளே நின்று ஊசி வாங்குகிறவர் கண்ணில்தான் குப்பை விழும். அடுப்படியில் நிற்கும் தோழிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நிபந்தனை

ஆசிரமத்துப் பக்கம் விடுதிகளில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் பத்துப் பேருக்கு எங்கள் மொட்டைமாடியில் மத்தியானம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். மேலே போட்டிருந்த தகர ஷீட்டின் அனல் தாங்காமல் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஷீட்டைக் கழற்றி விழல் போடலாம் என்றேன். ஏரியோரம் ஆளுயரம் வளரும் நாணல் மாதிரிப் புல். சூட்டை உள்ளே விடாது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "போட்டுக்கோ. முதல் மழையில ஒழுகுச்சுன்னா கிளாஸ மூடிட்டு, ரூம் கட்டி வாடகைக்கு விட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

மூங்கிலுக்குச் சேதி

அடி அண்ணாமலையிலிருந்து செல்வி வந்தாள். அவளும் புருஷனுமாகக் கூரை போடுகிறவர்கள். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டதால் உள்ளே நிற்க ஆளில்லை. "நான் நிக்கறேன்" என்றேன். அவள் மேலிருந்து முழநீள ஊசியில் கயிறு கோத்துப் புல்லுக்குள் குத்துவாள். நான் வாங்கி, குறுக்கே போகும் மூங்கிலுக்கு அந்தப் பக்கமாக மேலே அனுப்ப வேண்டும்.

இவ்வளவுதானே! கான்வென்ட்டில் எம்ப்ராய்டரி படித்த கை. மளமளவென்று மூன்று வரிசை முடித்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்" என்று அவளையே அதட்டினேன். அவள் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். மூன்று வரிசையும் என் தலைமேல் வந்து இறங்கியது. வந்த பக்கமாகவே ஊசியைத் திருப்பியிருக்கிறேன். செல்வி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள்: "அக்கா, புல்லைப் புல்லோட கட்டி வெச்சிருக்கீங்க. மூங்கிலுக்குச் சேதியே போகல."

எதிர்வீடு

எதிர்வீட்டுக்காரருக்கு வேங்கிக்காலில் ஏதோ கவர்மென்ட் ஆபீஸில் வேலை. இரண்டு நாள் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர் மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாடி வீட்டு மேல குடிசை போட்டா ஏதாச்சும் மானியம் தர்றாங்களா மேடம்? ஃபார்ம் இருந்தா எனக்கும் ஒண்ணு குடுங்க."

முதல் மழை

கடைசி நாள் கழுத்து விட்டுப்போனது. ஒரு ஊசி மறுபடி தப்பாகப் போனது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்த வரிசையையே பிரிப்பாள். அதன்பிறகு மேகம் கறுத்தபோதெல்லாம் மாடியேறி அந்த இடத்தையே அண்ணாந்து பார்த்தேன்.

வகுப்பு நடுவில்தான் மழை பிடித்தது. நின்றுபோன மூவரும் திரும்பி வந்திருந்தார்கள். பத்துப் பேரும் நானும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தோம். அரைமணி நேரம் ஒரு சொட்டு இல்லை. என் வீட்டுக்காரர் பக்கெட்டோடு மாடியேறி வந்த நேரம், என் உச்சந்தலையில் முதல் சொட்டு விழுந்தது.

பழியைச் செல்வி மேல் போட்டிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "அவ தப்பில்ல. நான் தப்பா அனுப்பின ஊசி. தெரிஞ்சேதான் விட்டேன்" என்றேன். இவர் கூரையைப் பார்த்தார். காய்ந்த தலையோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பக்கெட்டைச் சொட்டுக்கு நேராக வைத்தார். "பொண்ணுங்க யாரும் நனையலையே. டீச்சர் நாற்காலிய மட்டும் ரெண்டடி தள்ளிப் போடு."

கூரை போடத் தெரியும் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்; ஒழுகாத இடமாகப் பார்த்து உட்காரத் தெரியும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்கிறேன்.