ராணி படத்தடியில் இரண்டு பிடி அரிசி

செஃபிரின் பொலியுஸ் ராணிக்கே பொறி வைத்தவள். இதைச் சொன்னால் எங்கள் தீவில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, பொய் சொல்லிப் பிழைத்திருந்தால் எப்போதோ நன்றாக இருந்திருப்பாள்.

குன்றின் மேலிருந்த கவர்னர் மாளிகையில் அவளுக்கு வேலை. பெருக்குவது, தூசி துடைப்பது, துரையின் வெள்ளை உடுப்புகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது. மீனவர் குடியிருப்பிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு வறுத்த ரொட்டியைக் கடித்துக் கோகோ டீயைக் குடித்துவிட்டு மேலே ஏறினால், இறங்க மாலை ஆகும். மாளிகையின் மாடிப்படித் திருப்பத்தில் ராணியின் படம் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேல். வெள்ளை கவுன், குறுக்கே நீலப் பட்டை, தலையில் கிரீடம். ஈரத்துணியால் அதைத் துடைப்பதும் அவள் வேலைதான்.

அவளுக்கு ஒரே மகன், எவரிஸ்ட். பதினைந்து வயதில் கடற்கரையில் வலை இழுத்த மீனைப் பங்கு போடுவதில் தகராறு. பையன் துடுப்பை ஓங்கி ஒரு போடு போட்டான். அடிபட்டவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். செத்தவனுக்கும் ஒரு தாய் உண்டு, செஃபிரின் அதை மறந்ததே இல்லை. தூக்கில் போட எவரிஸ்டுக்கு வயது போதாது. அதனால் நீதிபதி வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னார். மாட்சிமை தங்கிய ராணியாரின் திருவுளம் தெரியும் வரை இவன் சிறையில் இருக்க வேண்டியது. நீதிமன்றத்துக் குமாஸ்தா ஒருவன் அதை அவளுக்கு எங்கள் பேச்சில் சொன்னான்.

"ராணிக்கு எப்ப மனசு வருதோ அப்ப விடுவாங்க."

"எப்பய்யா வரும்?"

"என்னைக் கேட்டா? ராணியைக் கேளு."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்குத்தான் தினமும் ராணி முகத்தைப் பார்க்கிற வேலை ஆயிற்றே. மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்பாள். முதலில் கெஞ்சினாள், அப்புறம் சண்டை போட்டாள், சில நாள் ஒன்றும் பேசாமல் துணியை உதறிவிட்டுப் போய்விடுவாள். பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குப் போவாள். குரல் உடையாத பையனாக உள்ளே போனவனுக்கு முன்மண்டை வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் அவன் சொன்னான்: "அம்மா, பக்கத்து அறைக்காரன் மாடு திருடினவன், மூணு வருஷம். எதிர்த்தாப்புல இருக்கிறவனுக்கு ஏழு வருஷம். எல்லாரும் தினம் சுவத்துல ஒரு கோடு கிழிக்கிறாங்க. நான் எதுலேருந்து எதுவரைக்கும் கிழிக்கிறது?"

வெளியே வந்து வாசல் காவலாளியிடம் வழக்கம்போலக் கேட்டாள், ராணியிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று. இன்னும் இல்லை என்றான்.

பிறகு தீவுக்குச் சுதந்திரம் வந்தது. புதுக் கொடி, புதுப் பாட்டு, தெருவெல்லாம் பனையோலைத் தோரணம், ரம் கடைகளில் கூத்து. பழைய கவர்னர் துரை பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார். இனி வெள்ளைக்காரன் இல்லை, ராணி இல்லை, எல்லாம் நாமே என்று மேடைக்கு மேடை பேசினார்கள். செஃபிரின் மகனுக்குப் புதுச் சட்டை தைத்து வைத்தாள். சுதந்திரத்தை முன்னிட்டுச் சிறையில் எல்லாருக்கும் ஆறு மாதம் கழித்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். எவரிஸ்ட் வரவில்லை. அவன் கணக்கில் கழிப்பதற்கு வருஷமே எழுதப்படவில்லை.

மாளிகையில் ராணி படத்தை இரண்டு பேர் கழற்றி இறக்கினார்கள். செஃபிரினுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, ஆள் உயரத்துக்கு, யாரோ நிற்பது போலத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே இரண்டு நாள் படி ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் சட்டத்துக்குப் புதுப் பொன் வர்ணம் பூசி அதே படத்தைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினார்கள்.

"பழைய குருடி கதவைத் திறடி!" என்றாள் சமையல்காரி க்ளோத்தில்ட், படிக்கட்டுக்குக் கீழே இடுப்பில் கை வைத்து நின்று.

"என்னக்கா இது? இவங்க போயாச்சுன்னாங்களே?"

"அந்த நாட்டு ராணி போயாச்சுடி. இது நம்ம நாட்டு ராணி."

"அதே மூஞ்சிதானே?"

"மூஞ்சியும் அதேதான், ஆளும் அதேதான். ஆனா வேற ராணியாம். பக்கத்துத் தீவுக்கும் இதே ஆள், அதுவும் வேற ராணியாம். அந்தண்டை கடல்ல எங்கெங்கயோ இன்னும் பத்துப் பன்னெண்டு நாட்டுக்கு இவங்கதானாம். செக்ரட்டரி சொன்னாரு." க்ளோத்தில்ட் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு உடம்பு. உள்ள எத்தனை பேருடி இருப்பாங்க?"

விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். செஃபிரின் அங்கேயே நின்றாள். ஒரே நேரத்தில் பல இடத்தில் இருக்கிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாத்தானோடு கை நனைத்தவர்கள் அவர்கள். தோலைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் காற்றாகப் போவார்கள், நினைத்த வீட்டில் நுழைவார்கள். கதவு, பூட்டு, ஜெபமாலை ஒன்றும் செல்லாது. செல்லுவது ஒன்றே ஒன்று. வாசலில் அரிசியை இறைத்து வைத்தால் அதைத் தாண்ட அவர்களால் முடியாது. ஒவ்வொரு மணியாக எண்ணியாக வேண்டும். எண்ணி முடிக்கிற வரை பிடி நம்முடையது.

பதினோரு வருஷம் ராணி பதில் சொல்லாமல் நழுவியதற்குக் காரணம் அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. இத்தனை நாட்டுக்கு அலைகிறவள் ஓரிடத்தில் நின்றால்தானே கேட்பாள்? நிற்க வைக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ராணிக்குப் பொறி வைத்தால் வேலை போகும், உயிரே போனாலும் போகும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன!

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, உச்சிவேளை. வெயிலில் மாளிகையே கண்ணயர்ந்திருந்தது. க்ளோத்தில்ட் அடுப்படி பெஞ்சில் குறட்டை விட்டாள். செஃபிரின் ஏப்ரன் பையில் கொண்டுவந்திருந்த இரண்டு பிடி அரிசியைப் படத்துக்கு நேர் கீழே படித்திருப்பத்தில் இறைத்தாள். ராணியின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: "எண்ணு. எண்ணிட்டுப் பதில் சொல்லிட்டுப் போ."

கீழே வந்து தேய்ப்பு அறையில் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஒரு தலையணை உறை பொசுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பறவைச் சத்தம் நின்றிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, மேலேயிருந்து ஏதோ கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தாள். காற்று எண் சொல்லாது.

"நானூத்திப் பதினொண்ணு... நானூத்திப் பன்னெண்டு..."

ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாத முணுமுணுப்பு. ஓடிவிடலாம் என்று கால் வாசல் பக்கம் திரும்பியது. சிறைச் சுவரில் கோடு கிழிக்க வழியில்லாதவனை நினைத்துக்கொண்டாள். திரும்பிப் படி ஏறினாள்.

முதலில் தெரிந்தது வெள்ளைக் கையுறை. அப்புறம் வெள்ளைச் சட்டைக் கை, தங்கப் பொத்தான், தரையில் இழுபடும் வாள். மாளிகைக்குப் புதிதாக வந்த பெரியவர், ராணிக்குப் பதிலாள் என்று பதவியேற்று மூன்று வாரமான அல்சிட் மாத்யூரன், அணிவகுப்புக்குப் போகிற முழு உடுப்பில் முழங்காலிட்டு அரிசி எண்ணிக்கொண்டிருந்தார். பத்துப் பத்தாக வரிசை போட்டிருந்தார். இறகுத் தொப்பி ஒரு படி கீழே கிடந்தது. எங்கள் ஊர் ஆள்தான் அவர், முப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். எவரிஸ்டுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர்.

"ஐயா..."

அவர் நிறுத்தவில்லை. பொறு என்பது போல ஒரு விரலை மட்டும் தூக்கினார். நெற்றி வேர்வை சொட்டி அரிசியில் விழுந்தது. நானூற்று இருபது வரையில் எண்ணிவிட்டு மூச்சு வாங்கினார்.

"பெருக்காம விட்டதுக்கு உங்களைத் திட்டுவாங்களேன்னு கையாலயே அள்ளிடலாம்னு குனிஞ்சேன், செஃபிரினம்மா. அள்ள வரல. எண்ணத்தான் வருது. முட்டி எந்திரிக்க மாட்டேங்குது."

"ஐயா, இதை நான் உங்களுக்கு வைக்கல." அவள் படத்தைக் காட்டினாள். "அவங்களுக்கு வெச்சேன்."

அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எங்கள் ஊரில் பிறந்த மனிதர், அரிசி எதற்கு என்று அவருக்குத் தெரியும். முகம் சாம்பலாகிவிட்டது.

"பைபிள் மேல கைய வெச்சு அன்னிக்குச் சத்தியம் பண்ணினேன். அதுலேருந்து நான் உள்ள வந்தா என் பொண்டாட்டியே எழுந்து நிக்கிறா. பேண்டு வாசிக்கிறாங்க. கையெழுத்து நான் போடுறேன், ராணி உத்தரவுன்னு படிக்கிறாங்க. நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

செஃபிரினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பிடியை விட்டால் இன்னொரு பதினோரு வருஷம். படியில் அவர் எதிரே தானும் முழங்காலிட்டாள்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் போக முடியாதுங்க. என் மகன் எவரிஸ்ட் பொலியுஸ். ராணிக்கு அவன் மேல மனசு வந்திச்சா இல்லையா? சொல்லுங்க."

அவர் வாத்தியார் குரலில், கெட்ட மார்க்கைச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்தக் கோப்பு என் மேசையில இருக்கு. வந்த மொத நாளே பாத்தேன். மேல 'ராணியின் திருவுளத்துக்குக் காத்திருக்கிறது'ன்னு எழுதியிருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. யாரும் அவங்களுக்கு எழுதினதே இல்ல, செஃபிரினம்மா. எழுத வேண்டியதும் இல்ல. அவங்களுக்கு உங்க மகன் பேரு கூடத் தெரியாது."

"அப்ப திருவுளம்னா?"

"இந்த வீட்டுல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க மனசுதான் ராணி மனசு. சட்டம் அப்படித்தான். நானும் மூணு வாரமாப் பயந்துக்கிட்டு அதைத் திறக்காம வெச்சிருக்கேன்."

அவள் ஏப்ரனை விரித்து, வரிசை போட்டதையும் போடாததையும் சேர்த்து, ஒரு மணி விடாமல் அள்ளினாள். கடைசி மணி எழுந்ததும் அவருடைய முட்டியும் எழுந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி தன் அறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்கும் வரை வாசலை விட்டு நகரவில்லை.

"வியாழக்கிழமை காலையில சிறை வாசலுக்குப் போங்க" என்றார். "வருவான்."

இந்தச் சொல்லைக் கேட்டால் கத்தி அழுவேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. ஏப்ரனில் அள்ளிய அரிசியைப் பிடித்தபடி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இத்தனை வருஷமும் இந்த நாற்காலியில இருந்த மனசு யாருது?"

"எனக்கு முன்னால இருந்தவரு. பழைய துரை."

"நாலு மணிக்கு அவருக்கு டீ நான்தான் கொண்டாருவேன்" என்றாள் செஃபிரின். "கப்பைக் கையில வாங்கிக்கிட்டு ஒரு நாள் தவறாம கேப்பாரு, 'உன் மகன் எப்படி இருக்கான் செஃபிரின்?'னு. 'ராணிக்கு மனசு வரணும் துரை'ம்பேன். 'வரும், வரும்'பாரு. அப்புறம் சர்க்கரை கேப்பாரு."