மிளகாய்த்தூளில் தெரிந்த ஈயம்

கருவி காட்டுவதை உடனே நம்பிவிடத் துடிக்கும் மனத்தை நாள்தோறும் அடக்குவதே நிறமாலைமானியில் வேலை பார்ப்பது. ஆய்வுக்கூடங்களில் என்னைப்போல் அல்லற்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்கியாக வேண்டும். ஒரு பொருளை இரு கரித்தண்டுகளுக்கிடையே மின்பொறியில் எரித்தால் ஒளி எழும். முப்பட்டகம் அதைப் பிரித்து, ஒளிப்படத் தகட்டில் மெல்லிய கோடுகளாக விழச்செய்யும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ஈயத்தின் கோடு விழுந்தால் ஈயம் எரிந்திருக்கிறது. எங்கிருந்து வந்த ஈயம் என்பதைக் கோடு சொல்லாது.

பூசைக்கு மறுநாள்

அறுபதுகளின் தொடக்கம். ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்து வைத்தவர் இருட்டறை உதவியாளர் கோவிந்தன். மறுநாள் பார்த்தால், நிறமாலைமானியின் பெட்டி முழுவதும் சந்தனமும் குங்குமமும். பெட்டியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, வில்லையிலும் வைத்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"என்னக்கா நீங்க, கண்ணுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

செல்லையாவின் மூட்டைகள்

அந்த வாரமே சிராங்கூன் சாலை மளிகைக்காரர் செல்லையாவின் மிளகாய்த்தூள் சோதனைக்கு வந்தது. யாரோ வயிற்றுவலி என்று புகார் செய்ததால் அவருடைய மூட்டைகள் முடக்கப்பட்டிருந்தன. தகட்டைக் கழுவி உலர்த்திப் பார்த்தேன்: ஈயக் கோடுகள், ஐயத்துக்கு இடமின்றி. முடிவு கேட்டு வந்தவரிடம், சோதனை இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"தீவாளிக்கு மொளகாத்தூள் இல்லாத கடைக்கு யாரும்மா வருவா? ஈயம் இருந்தா நானே குப்பையில கொட்டிடுறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க லா!"

வெறும் கரி

முறைப்படி அடுத்து, மாதிரி எதுவும் வைக்காமல் கரித்தண்டுகளை மட்டும் எரித்தேன். அதிலும் ஈயம். புதிய தண்டுகளைப் பொருத்தினேன், அப்போதும் ஈயம். மிளகாயே இல்லாத இடத்தில் மிளகாய்மேல் எப்படிக் குற்றம் சாட்டுவது? தண்டைப் பற்றும் மேல்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் அடிப்புறத்தில் சின்னஞ்சிறு குங்குமப் பொட்டு. ஒவ்வொரு முறை எரிக்கும்போதும் அதிலிருந்து தூள் சுடருக்குள் உதிர்ந்திருக்கிறது. கோவிந்தனை அழைத்துக் காட்டினேன்.

"நெத்தின்னு நெனச்சு வச்சேன்கா. வாயாப் போச்சே!"

பின்னர் உறுதியானவை இவை. பிடியைக் கழுவியபின் வெறும் கரியில் ஈயம் இல்லை. செல்லையாவின் மிளகாய்த்தூளிலும் இல்லை. தீபாவளிக்கு முன்பே மூட்டைகள் கடைக்குத் திரும்பின. குங்குமத்தில், சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயச் செந்தூரம் கலந்திருந்தது. அதைக் கோவிந்தன் வாங்கியது செல்லையாவின் கடையில். செல்லையா, சொன்ன சொல் தவறாமல், இருந்த குங்குமம் முழுவதையும் தாமே குப்பையில் கொட்டினார்.

ஆக, கருவி கடையைச் சரியாகத்தான் கண்டுபிடித்தது. டப்பாவைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டது.