மீன் இல்லாத சருவம்

பெர்த்தா அக்காவைப் போல ஒரு வாய்க்காரியைப் பூவார்க் கடற்கரையில் நான் கண்டதில்லை. கூவி மீன் விற்றவள் அல்லவா! அந்த வாய் அடங்கியது தொண்ணூற்றாறாம் வருஷத்தில். கையிலும் முழங்கையிலும் தோல் செதில் செதிலாக உரிந்தது. பின்பு விரல்கள் வீங்கின. முட்டும் கணுக்காலும் பிடித்துக்கொண்டன. காலையில் கட்டிலை விட்டு எழவே பெரும்பாடு படுவாள்.

மெடிக்கல் காலேஜ் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். சொரியாசிஸ், அதுவே மூட்டிலும் இறங்கியிருக்கிறது, யாருக்கும் தொற்றாது. மாத்திரையை விடாதே, சும்மா உட்காராதே, தினமும் மெல்ல நட. தொற்றாது என்றதை யார் கேட்டார்கள்? அவள் வருஷக்கணக்காக மீன் கொடுத்த கொல்லயில் என்ற ஊரின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. புருஷன் ஜோக்கிம் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் விஜின் கல்ஃபில். அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்ததே அந்த வீடுகள்தான்.

கடற்கரை மணலில் நடந்தால் கால் புதைந்து கணுக்கால் உயிர் போகும். அதனால் பழையபடி கொல்லயிலுக்கே பஸ் ஏறினாள். "சும்மா நடந்தா கிறுக்கின்னு சொல்லுவாவ மக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே ஒன்றும் கிடையாது.

அட, பலித்துவிட்டது! வாசலுக்கு வாசல் "என்ன மீனு பெர்த்தா?" என்று கேட்டார்கள். "தீந்து போச்சு எக்கா" என்பாள். அப்புறம் மழை, கரண்டு, கல்யாணம் என்று பேச்சு ஓடும். விஜயம்மா மட்டும் தினமும், "நாளைக்கு எனக்குக் கொஞ்சம் தனியா மாத்தி வையி, கேட்டியா" என்பாள். அந்த ஒரு சொல்லைப் பெர்த்தா அக்கா என்னிடம் வந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! தன் கையிலிருந்து மறுபடியும் மீன் வாங்குவார்கள் என்று நம்பிவிட்டாள், பாவம்.

அந்த நம்பிக்கையில் விடியற்காலையில் சூடுவெள்ளத்தில் கையைப் போட்டு விரல்களை மடக்கி நிமிர்த்துவாள். நடை ஒரு நாளும் தவறாது. மெல்ல மெல்ல விரல் மடங்கியது, தோலும் கொஞ்சம் தெளிந்தது, பஸ் படியில் ஆள் பிடிக்காமல் ஏறினாள்.

ஒரு நாள் கரையில் ஏலத்துக்குப் போய்த் துடிக்கத் துடிக்கச் சாளை மீன் எடுத்தாள். விஜயம்மாவுக்கென்று தனியாக இலையில் பொதிந்து வைத்தாள். கொல்லயிலில் இறங்கியதுமே இரண்டு பூனைகள் பின்னால் வந்தன. அத்தனை நாளும் ஒரு பூனைகூட அவள் பின்னால் வந்ததில்லை. சருவம் காலி என்று பூனைக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாதா? அந்தத் தைரியத்தில்தான் மீன் கேட்டிருக்கிறார்கள், நாசமாய்ப் போனவர்கள்!

அன்று யாரும் என்ன மீன் என்று கேட்கவில்லை. விஜயம்மா பூனைகளைப் பார்த்தாள், சருவத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

"இண்ணு எங்களுக்கு விரதமாக்கும் பெர்த்தா."

உள்ளே அயிலை மீன் பொரிக்கும் மணம் தெரு வரைக்கும் வந்தது.

மீனைக் கொண்டுவந்து என் அடுக்களையில் இறக்கிவிட்டு அழுதாள். நான் குழம்பு வைத்தேன். அவள் ஒரு வாய் தின்னவில்லை.

நடக்காவிட்டால் முட்டு பிடித்துவிடுமே, மறுநாளும் போனாள். அதே பஸ், அதே வழி, காலிச் சருவம். பூனை ஒன்றும் வரவில்லை. விஜயம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டு, "என்ன மீனு பெர்த்தா?" என்று கேட்டாளாம்.

"மீனு உண்டு எக்கா. உங்களுக்கு இல்ல."

அதற்கப்புறம் அந்த வழியில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்போது சருவமும் கொண்டுபோவதில்லை. தனியாக நடந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். எப்படி இருக்கிறது என்று நேற்றுக் கேட்டேன்.

"முட்டு நல்லா மடங்குது மக்கா" என்றாள்.