சேனை தொட்ட விரல்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு பச்சைப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்.

இந்த வாரப் பத்தி சூடாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. நிஜமாகத்தான். வீடியோ ஆதாரமே இருக்கிறது.

என் அக்கா வசந்தாவின் மகள் ரம்யாவுக்குத் தலைப்பிரசவம். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் வரலாம் என்றார்கள். அக்காவுக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். “நீ உள்ள போட்டி. வாராவாரம் பெரிய தைரியசாலி கணக்கா எழுதுகியே!” என்று என்னை உள்ளே தள்ளிவிட்டாள்.

போனேன். எனக்கே இரண்டு பிள்ளைகள். ஆனால் பிரசவத்தைப் பெற்றவள் எங்கே பார்த்தாள்? கத்துவதற்கே நேரம் சரியாக இருக்கும்.

ஒன்பதே முக்காலுக்குப் பெண் பிள்ளை வந்தது. வந்தது என்றால்... நாவல்பழ நிறத்தில் வந்தது. அழவில்லை. அசையவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

மெர்லின் என்று ஒரு நர்ஸ். முட்டத்துக்காரி. முப்பது வயது இருக்கலாம். விரலில் மெல்லிய துணியைச் சுற்றிப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். இன்னொரு துணியால் முதுகைத் தேய்த்தாள். பதற்றமே இல்லை. சமையல்கட்டில் பாத்திரம் துடைக்கிறவள் மாதிரி செய்துகொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஏன் அழல்ல?”

“அழும், அழும். பேடிக்காதீங்கம்மா. இவ்வளவு நாளும் தண்ணிக்குள்ள கெடந்த பிள்ளையாக்கும். நெஞ்சுக்குள்ளயும் தண்ணிதான். அது வத்தி காத்து கேறணும்லா?”

அவள் சொல்லி முடிக்கவில்லை, பிள்ளை வீறிட்டது. அம்மாடி! நெஞ்சிலிருந்து சிவப்பு கிளம்பி முகம் வரைக்கும் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். கையும் காலும் மட்டும் கொஞ்ச நேரம் நீலமாகவே கிடந்தன. அது சகஜம்தானாம்.

இதுவரை தாயின் ரத்தத்தில் ஓசியாக வந்த மூச்சு. தொப்புள்கொடியை வெட்டியதும் சொந்தமாக இழுக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. நாமெல்லாம் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆனவர்கள்தான் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிலிர்த்த அதே ஆள்தான் முக்கால் மணி நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன்!

ரம்யாவுக்குத் தையல் போட்டு, ரூமுக்குக் கொண்டு வந்தார்கள். பிள்ளை துணிச்சுருளாக அவள் பக்கத்தில். மெர்லின் சொன்னாள், “பத்து நிமிஷத்துல வந்து பால் குடிக்க வைக்கேன். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கப்பிடாது, கேட்டேளா?”

கேட்டோம். எல்லோரும் தலையாட்டினோம். அவள் தலை மறைந்ததும் அக்கா பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள்.

தேன். ரம்யாவின் புருஷன் அனீஷ், குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் தேன்பெட்டி வைத்திருக்கிறான். “நம்ம பெட்டித் தேனாக்கும் சித்தி. கலப்படமே கிடையாது” என்றான் பெருமையாக.

சேனை தொட்டு வைக்கப் போகிறோம். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை கூப்பிட்டது என்னை! பிள்ளை என்னைப் போல எழுத வேண்டுமாம்; பேரும் புகழுமாக இருக்க வேண்டுமாம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... எந்தச் சேலை கட்டுவது என்று நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாளே அக்கா?”

“ஒண்ணும்னா பால்பவுடரு, சீனித்தண்ணி... அதெல்லாம். சேனை அதுல சேருமாட்டி?”

படித்தவள் நான். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது. அனீஷ் செல்போனில் வீடியோ எடுக்க, நான் விரலைத் தேனில் முக்கி, பிள்ளையின் நாக்கில் வைத்தேன்.

அது முகத்தைச் சுளித்தது. சிரித்தோம். சப்புக் கொட்டியது. இன்னும் சிரித்தோம்.

அப்புறம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

சத்தம் இல்லை. மூச்சு இல்லை. உதட்டைச் சுற்றி மறுபடியும் அந்த நாவல்பழ நிறம். ரம்யா “எம் பிள்ள! எம் பிள்ள!” என்று கத்தினாள். அக்கா கையில் இருந்த பாட்டில் கீழே விழுந்தது. நான்? விரலை நீட்டியபடி மரமாக நின்றேன். தூக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கத்தல் கேட்டு மெர்லின் ஓடி வந்தாள். பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டினாள். ஒன்று... இரண்டு... மூன்று... தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு இருமல், அப்புறம் ஒரு வீறல். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். காலில் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்கள். தப்பித்தது.

பிறகு மெர்லின் திரும்பினாள். கோபத்தில் அவள் கொட்டிய வெப்ராளத்தை அப்படியே எழுத முடியாது. “ஒரு வயசு வரைக்கும் தேனே காட்டப்பிடாது. இது கரையேறி ஒரு மணிக்கூறு ஆவல்ல! உறிஞ்சணும், முழுங்கணும், நடுவுல மூச்சு விடணும். மூணையும் சேத்துச் செய்ய இப்பதான் படிக்குது. அம்மைக்க பாலு அது உறிஞ்சுனா வரும், நிப்பாட்டுனா நிக்கும். உங்க விரலு அதுகிட்ட கேட்டுட்டா வச்சது?”

கேட்டது யாரிடம்? என்னிடம்! வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவளிடம்!

அவளே பிள்ளையின் துணியை நீக்கி, ரம்யாவின் வெறும் நெஞ்சில் கிடத்தினாள். இப்போதுதான் சாவைத் தொட்டுவிட்டு வந்த பிள்ளை... மூக்கை உரசி, தலையை ஆட்டி ஆட்டி, தானே தேடிப் போய்க் கவ்விக்கொண்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உறிஞ்சியது. முழுங்கியது. நின்றது. ஒரு மூச்சு. மறுபடி உறிஞ்சியது. ரம்யா சத்தமில்லாமல் அழுதாள். நான் சத்தமாகவே அழுதேன்.

சாயங்காலம் அனீஷிடம் அந்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். பதற்றத்தில் அவன் நிறுத்தவே மறந்திருக்கிறான். பிள்ளையின் மூச்சு நின்றது இருபத்தாறு நொடி. அதில் முதல் நாலு நொடிக்கு என் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அழித்துவிடச் சொன்னாள் அக்கா. முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாராவது என்னைச் சேனைக்குக் கூப்பிட்டால், போட்டுக் காட்டத் தேவைப்படும்.

அக்கா அப்போதும் விடவில்லை. “என்ன இருந்தாலும் நீ தொட்ட சேனைதானே. பிள்ளைக்கு உன் குணம்தான் வரும், பாத்துக்கோ.”

எனக்குப் பகீரென்றது. சிரித்துக்கொண்டே நின்ற குணமா? மரமாக நின்ற குணமா?

“இல்லக்கா. உனக்கு விவரம் தெரியாது. நான் உள்ள இருந்து பார்த்தேன். பிறந்த உடனே அது வாயில முதல்ல பட்டது மெர்லின் விரலாக்கும்.”

பிள்ளை எழுதாவிட்டால் போகிறது. அடுத்த பிள்ளைக்கு மூச்சு முட்டினால், ஓடி வந்து கையில் எடுக்கட்டும்.